பார்க்காமல் நீட்டிய தட்டு

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எங்கள் வீட்டு பெல் அடிப்பதில்லை. ஒன்றரை வருடமாக அடிப்பதில்லை. அன்று தபால்காரர் வரமாட்டார். சொந்தக்காரர்கள் மத்தியானச் சாப்பாட்டு நேரம் பார்த்துத்தான் வருவார்கள். பத்து மணிக்கு வந்துகொண்டிருந்த ஒரே ஆள் என் நண்பர். அவர் வராமல் விட்டதற்கு நான்தான் காரணம். அதைச் சுற்றி வளைக்காமல் எழுதிவிட வேண்டும்.

எங்கள் பொழுதுபோக்கு பலருக்குப் பிடிக்காது. நாங்கள் துவக்குச் சுடுகிறவர்கள். கிளப்பில், கடதாசி இலக்கில், பொலிஸ் கொடுத்த அனுமதியோடு. சுடுவதைவிட, சுடுகிற தோட்டாவை நாங்களே செய்வதுதான் எங்களுக்குப் பெரிது. ஒரு தோட்டாவில் நான்கு சாமான்கள். பித்தளைக் கோது, அதன் அடியில் பொறி கொடுக்கிற பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் ஈயக் குண்டு. சுட்டால் மூன்று போய்விடும், கோது மிஞ்சும். அதைப் பொறுக்கிச் சுத்தம் செய்து மறுபடி நிரப்பினால் இன்னொரு தோட்டா. இவ்வளவுதான் விஷயம். இதற்குத்தான் சனம் என்னைப் பைத்தியம் என்கிறது.

என் மனைவி முதல் நாளே சொன்னாள். "அங்க ஊரில சண்டைக்குள்ள துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனீங்கள். இஞ்ச அதை வீட்டுக்குள்ள கொண்டுவந்து அலுமாரியில பூட்டி வைக்கிறியள். உங்களுக்கு மூளை சுகமோ?" வெடிச்சத்தம் எப்போது வரும் என்று தெரியாமல் வளர்ந்தவன் நான். இங்கே நான் விரலை அசைத்தால்தான் சத்தம் வரும். அது எனக்குப் பிடித்திருந்தது. அதற்கு மேல் ஆராய நான் டொக்டர் இல்லை.

லண்டனில், வால்தம்ஸ்டோவில் ஒரு டயர் கடையில் வேலை செய்கிறேன். காரின் சில்லைச் சமப்படுத்த அதன் ஓரத்தில் சின்னச் சின்ன எடைகள் குத்துவோம். முந்தி எல்லாம் ஈயம். இப்போது துத்தநாகம், இரும்பு. பழைய கார்களில் இருந்து கழற்றிய எடைகளை ஒரு வாளியில் போட்டு வைப்பேன். ஒரு நாள் பஞ்சரோடு வந்த ஆள், டயரைப் பார்க்காமல் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, இதையெல்லாம் என்ன செய்வீங்க?"

"உமக்கு என்னத்துக்கு?"

"சும்மா. இதுல ஈயம் எவ்வளவு, துத்தநாகம் எவ்வளவுன்னு பாத்தேன்."

டயர் கடைக்கு வந்து கோப்பி கேட்பவர்கள் உண்டு, கக்கூஸ் கேட்பவர்கள் உண்டு. ஈயமா துத்தநாகமா என்று கேட்பவன் வீட்டில் குண்டு வார்ப்பவனாகத்தான் இருக்க வேண்டும். துத்தநாகம் ஒரு துண்டு விழுந்தாலும் உருக்கிய ஈயம் முழுக்கக் கஞ்சி மாதிரித் திரண்டு பாழாகும். "எந்தக் கிளப்?" என்று கேட்டேன். அவர் முகத்தில் வந்த சிரிப்பு இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. லண்டனில் இந்த வேலை தெரிந்த இன்னொரு தமிழனை அவரும் அதுவரை கண்டதில்லை.

அவர் தமிழ்நாட்டுக்காரர். எஞ்சினியர். என்னைவிட ஆறேழு வயது இளையவர். அடுத்த மாதமே எங்கள் கிளப்புக்கு மாறினார். ஞாயிறு காலையில் செவன் கிங்ஸில் உள்ள என் வீட்டுக்கு வரத் தொடங்கினார்.

எங்கள் கிளப்பில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு சாதி இருக்கிறது. 308 என்கிற அளவுத் தோட்டா சுடுகிறவர்கள் பிராமணர். மருந்தை மணி மணியாக நிறுப்பார்கள், கொப்பியில் எழுதுவார்கள், மற்றவனோடு கதைக்க மாட்டார்கள். 223 சுடுகிறவர்களுக்கு எப்போதும் அவசரம். 303 சுடுகிறவர்கள் பழைய பட்டாளத்து மரத் துவக்கை வைத்துக்கொண்டு சாமி கும்பிடுகிற மாதிரித் தடவிக்கொண்டு இருப்பார்கள். நானும் நண்பரும் முப்பத்தெட்டு ஸ்பெஷல். அது கைத்துப்பாக்கிக்கு என்று பிறந்த தோட்டா. இந்த நாட்டில் கைத்துப்பாக்கி வைத்திருக்க விடமாட்டார்கள். அதனால் கௌபாய் படங்களில் வருகிற, நெம்புகோலை இழுத்துச் சுடுகிற நீளத் துவக்கில் போட்டுச் சுடுவோம். கொஞ்ச மருந்து, கொஞ்ச ஈயம், காதைக் கிழிக்காத சத்தம். ஒரு கோது பத்துத் தடவைக்கு மேல் தாங்கும். வீட்டில் தோட்டா செய்கிறவனுக்கு இதைவிட நல்லது கிடையாது.

அதற்கு ஒரே ஒரு கெட்ட குணம். கோது அதற்குத் தேவையானதைவிடப் பெரிது. அந்தக் காலத்துக் கரிமருந்துக்கு அளவாகச் செய்தது, அது கோதை நிரப்பிவிடும். இப்போதைய மருந்து அடியில் ஒரு மூலையில் கிடக்கும். தவறி இரண்டு தரம் ஊற்றினாலும் வெளியே வழியாது. வெளிச்சம் அடிக்காமல் மேலால் பார்த்தால் தெரியாது, சுடும்போது கோது வெடித்தால்தான் தெரியும். அதனால் முப்பத்தெட்டுக்காரர்களுக்கு இரண்டு சட்டம். மருந்து ஊற்றும்போது வாய் திறக்கக் கூடாது. ஊற்றி முடித்ததும், குண்டு வைப்பதற்கு முதல், தட்டில் நிற்கிற ஐம்பது கோதுக்குள்ளும் டோர்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

ஈயம் உருக்குவதற்கு மழை இல்லாத நாள் வேண்டும். கொதிக்கிற ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் சட்டி முகத்துக்கு வரும். லண்டனில் மழை இல்லாத ஞாயிறு எத்தனை என்று நான் சொல்லத் தேவையில்லை. நாங்கள் பின்வளவில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்போம்.

"அண்ணே, அந்த மேகம் நம்ம வீட்டுக்கா, பக்கத்து வீட்டுக்கா?"

"பக்கத்து வீட்டுக்காரன் வரி கட்டிறேல்லை. எங்களுக்குத்தான் வரும். நீர் கெதியா ஊத்தும்."

"ஊத்தும், வாரும், இரும். நீங்க பேசுறதக் கேட்டா ராஜா வேஷம் போட்ட நாடகக்காரன் பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கு."

"ராசா ஈயம் உருக்கமாட்டான். உம்மைப் போல ஆளைப் பிடிச்சு உருக்க விடுவான்."

வார்ப்பு அச்சைத் திறந்தால் இறுகிய புதுக் குண்டுகள் வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டு கீழே விரித்த ஈரத் துவாய்த் துணியில் விழும். ஈயம் விஷம் என்று, முழங்கைவரை கழுவாமல் என் மனைவி தேத்தண்ணி தரமாட்டாள். அவருக்கும் அதே சட்டம். "தம்பி, நகத்துக்குள்ளயும் கழுவும்" என்பாள். அவர் பள்ளிப் பிள்ளை மாதிரிக் கையை நீட்டிக் காட்டுவார். பிறகு கராஜுக்குள் போவோம். நான் மருந்து ஊற்றி, டோர்ச் அடித்துப் பார்த்து, தட்டை அவரிடம் நீட்டுவேன். அவர் குண்டு வைத்து அழுத்துவார். நான் ஊற்றுகிற நேரம் இரண்டு பேரும் கதைக்க மாட்டோம். அந்த மௌனத்தைப் போல ஒரு நல்ல நேரம் எனக்கு இந்த நாட்டில் வாய்க்கவில்லை. கோயிலிலும் இல்லை.

அதை நானே கெடுத்தேன்.

நண்பர் ஒரு 303 வாங்குவதற்கு அனுமதி எடுத்தார். அதற்கும் என் மேசையில் தோட்டா செய்யலாமா என்று கேட்டார். நான் ஏலாது என்றேன். முதல் தடவை அவர் விட்டுவிட்டார். அன்றைய ஞாயிறு, நான் மருந்து ஊற்றிக்கொண்டு இருக்கும்போது மறுபடி தொடங்கினார்.

"ஏண்ணே, அதுவும் ஒரு தோட்டாதானே?"

நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். அது சட்டம். "எங்கட ஊர் பொலிஸிட்ட இருந்தது அதுதான்" என்றேன். "எனக்குப் பதின்மூண்டு வயசில எங்கட வீட்டு ஒழுங்கையில அது வெடிச்சது. ஆர் விழுந்தது எண்டு கேக்காதையும். என்ர கராஜுக்குள்ள அது வராது."

அவர் நல்ல மனத்தோடுதான் சொன்னார். "இன்னும் பயப்படுறீங்கண்ணே. ஒரு தடவ கையால செஞ்சு பாத்தா அந்தப் பயம் போயிடும்."

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. பயப்படுகிறேன் என்று என்னிடம் யாரும் சொல்லக் கூடாது. வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். உங்கட ஆக்களுக்கு எங்கட சண்டை படம் பாக்கிற மாதிரி என்றேன். அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. திட்டிக்கொண்டே கையும் வேலை செய்தது. எந்தக் கோதில் நின்றேன், எதில் விட்டேன் என்று தெரியாது. தட்டை முடித்து அவர் பக்கம் தள்ளினேன்.

அவர் முகம் சுருங்கிப் போயிருந்தது. இருந்தும் கேட்டார். "டார்ச் அடிச்சுப் பாத்தாச்சாண்ணே?"

"ஓம். பாத்தனான்."

பார்க்கவில்லை. டோர்ச் என் முழங்கைக்குப் பக்கத்தில் கிடந்தது. எடுத்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். திட்டிவிட்டு, திட்டின ஆளுக்கு முன்னால் பிழை விட்டவன் போலக் குனிந்து பார்க்க எனக்கு ரோசம். அவர் என் சொல்லை நம்பி ஐம்பது குண்டையும் வைத்து அழுத்தினார். ஆளுக்குப் பாதி எடுத்தோம்.

அடுத்த கிழமை கிளப்பில் அவர் எனக்கு இரண்டு இடம் தள்ளி நின்று சுட்டார். ஒரு வெடி மற்றதுகள் மாதிரி இல்லை. முப்பத்தெட்டு அப்படிக் கத்தாது. சுடுவதை நிறுத்தச் சொல்லி மேற்பார்வைக்காரர் கூப்பிட்டார். நான் திரும்பினேன். நண்பரின் கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது. வலது கண்ணுக்கு ஒரு விரல் கீழே இரத்தம். கோது வெடித்து ஒரு பித்தளைச் சிராய் பின்னால் பறந்து வந்திருக்கிறது. கண்ணாடி இல்லாவிட்டால் கண் போயிருக்கும்.

நான்தான் ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோனேன். மூன்று தையல். வெளியே வந்து கதிரையில் இருந்தபடி அவர் மெதுவாகச் சொன்னார். "உங்ககிட்ட இருக்கிற மிச்சத்தப் பிரிச்சுப் பாத்துருங்கண்ணே."

அப்போது சொல்லியிருக்கலாம். வாய் திறந்தேன். "கோது பழசாயிருக்கும். அதுதான் கிழிஞ்சிருக்கு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "சரிண்ணே" என்றார்.

வீட்டுக்குப் போய் என்னிடம் இருந்ததை எல்லாம் பிரித்து நிறுத்துப் பார்த்தேன். எல்லாம் சரி. இரட்டை மருந்து விழுந்த கோது அவர் பங்கில் போயிருக்கிறது. என்னிடம் உள்ள மிச்சம் எல்லாம் சரி என்று அவருக்கு மெசேஜ் அனுப்பினேன். அது உண்மை. உண்மையைக்கூடப் பொய்க்கு முட்டுக் கொடுக்கப் பாவித்தேன்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. முதலில் காயம் என்றார். பிறகு வேலை என்றார். பிறகு நான் கேட்பதை நிறுத்தினேன். "தம்பியை ஏன் காணேல்லை?" என்று மனைவி கேட்டால் அவளோடு எரிந்து விழுவேன். அவள் சில ஞாயிறுகளில் பழக்கத்தில் மூன்று கோப்பை எடுத்து வைத்துவிட்டு, ஒன்றைத் திருப்பி உள்ளே வைப்பாள். அந்தச் சத்தம் எனக்குக் கேட்கும். கராஜில் தனியாக இருந்து தோட்டா செய்து பார்த்தேன். வேலை ஓடுகிறது. ஆனால் தட்டை நீட்ட ஆள் இல்லை. நானே ஊற்றி, நானே பார்த்து, நானே அழுத்தி. ஒரு ஆளின் மௌனமும் இரண்டு ஆளின் மௌனமும் ஒன்றில்லை.

அதற்குப் பிறகு முதல் தடவையாகப் போன மாதம் கிளப்பில் அவரைக் கண்டேன். கன்னத்தில் தழும்பு மெல்லிய கோடாக இருந்தது. கடைத் தோட்டாப் பெட்டி ஒன்றைப் பிரித்து அடுக்கிக்கொண்டு இருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். சுகம் விசாரிக்க எனக்குத் தெரியாது.

"அண்டைக்கு நான் டோர்ச் அடிக்கேல்லை" என்றேன்.

அவர் கை நிற்கவில்லை. "தெரியும்ணே."

"எப்ப தெரியும்?"

"ஆஸ்பத்திரியில. கோது பழசுன்னு சொன்னீங்கள்ல, அப்போ. எத்தனாவது தடவ சுடுறோம்னு டப்பா மேல எழுதுறவன் நான். அது ரெண்டாவது தடவ. உங்களுக்கும் தெரியும்."

"அப்ப ஏன் என்னட்டக் கேக்கேல்லை?"

"கேட்டா இன்னொண்ணு சொல்லுவீங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். "தையல் போட்டது பெருசு இல்லண்ணே" என்றார் அவர். "கை தவறும். எனக்கும் தவறும். நான் உங்க தட்ட ஒருநாளும் திரும்பப் பாத்தது இல்ல. அதான் நமக்குள்ள இருந்துச்சு."

"இனிப் பாரும். ஒவ்வொரு தட்டும் பாரும். நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

"பாத்துப் பாத்துச் செய்யவா உங்க வீட்டுக்கு வந்தேன்?"

"ஞாயிறு வாரும்" என்றேன். கெஞ்சுகிற குரலில்தான் சொன்னேன். என்னிடம் அப்படி ஒரு குரல் இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

அவர் சிரித்தார். நல்ல சிரிப்புத்தான். "அக்காவக் கேட்டதாச் சொல்லுங்க" என்றார். வருகிறேன் என்று சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. காதுக்கவசத்தைப் போட்டுக்கொண்டு முன்னால் திரும்பினார். அதைப் போட்ட ஆளோடு கதைக்க ஏலாது.

நான் என் துவக்கைப் பையில் இருந்து எடுக்கவில்லை. அவருக்குப் பின்னால், சுடுகிறவர்கள் நிற்கிற கோட்டுக்கு வெளியே நின்றேன். கடைத் தோட்டா நாங்கள் செய்ததைவிடக் கொஞ்சம் சத்தம் கூட, தோளில் கொஞ்சம் உதை கூட. இலக்கில் அவருடைய ஓட்டைகள் பரந்து விழுந்தன. மருந்தின் அளவு எங்கே பிசகுகிறது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். பெட்டி முடியும்வரை நின்றேன். நான் நிற்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது.