மிரபெல்லின் தாய்வழி

பாரிஸில் ரூ காய் என்ற தெருவில் கோசலை வேலை செய்யும் சேலைக் கடைக்குச் சேலை வாங்க வருகிறவர்களைவிடக் குடும்பம் விசாரிக்க வருகிறவர்கள்தான் அதிகம். கல்யாணம் பேசுகிறவர்கள் லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும்கூட அந்தக் கடை எண்ணுக்குப் போன் எடுப்பார்கள். "கோசலையக்கா, உங்கை கார்ஜிலை இருக்கிற இன்னார் வீடு எப்பிடி?" கோசலை உடனே வாயைத் திறக்க மாட்டார். இரண்டு நாள் தவணை கேட்பார். அதற்குள் மூன்று இடத்தில் விசாரித்து முடிப்பார். ஒருவர் அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர், ஒருவர் பக்கத்து வீட்டுக்காரர், மூன்றாமவர் அவர்களோடு கோபம் போட்டவர்.

"முதல் ரெண்டு பேரும் பூசி மெழுகுவினம். கோவக்காரன்தான் உள்ளதைக் கக்குவான்" என்பார்.

பிறகு ஒரு சொல் சொல்லுவார். அதோடு ஒரு கல்யாணம் நடக்கும், அல்லது நின்றுபோகும்.

மகள் தயாளினி பள்ளிக்கூடம் விட்டு வந்து, அந்தக் கடையின் பின்பக்கத்தில் ரவிக்கைத் துணிப் பெட்டிகளுக்கு நடுவில் இருந்துதான் வீட்டுப்பாடம் செய்து வளர்ந்தவள். கணக்குக்கு விடை தேடும்போதே எந்த வீட்டில் காசநோய், எந்த வீட்டில் குடி, யாருடைய தாய்வழியில் என்ன குறை என்பதெல்லாம் காதில் விழும். கேட்கக் கேட்க சோற்றில் தலைமயிர் அகப்பட்டது போலிருக்கும். மனிதரை விட்டு விலகி, மிருகங்களைப் படிக்கப் போனாள். மிருகம் யாரிடமும் ஊர் கேட்பதில்லை என்பது பதினேழு வயதில் அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. கால்நடை வளர்ப்பும் பரம்பரையியலும் படித்து, அந்தக் குடும்பத்தில் முதல் ஆளாக ஒரு லிசான்ஸ் பட்டம் எடுத்தாள். மருந்துக்கடைக்காரி ஆவாள் என்று காத்திருந்த தகப்பன் தவரத்தினத்துக்கு அது ஏமாற்றம்.

"குதிரைச் சாணி அள்ளவோ இவ்வளவும் படிச்சனி?" என்று கேட்டார்.

"சாணி அள்ளுறேல்லை அப்பா. குதிரை தெரிவு செய்யிறன்."

"அதுக்கும் ஒரு ஆள் வேணுமோ? நாலு கால் இருக்கோ எண்டு பாத்தால் காணாதோ?"

காலையில், அவர்கள் வசிக்கும் புறநகரான கார்ஜ் லே கொனெஸ் ஸ்டேஷனில் எல்லாரும் பாரிஸ் பக்கம் போகும் RER D ரயிலுக்கு முண்டியடிக்க, அவள் எதிர்த் தளத்தில் நின்று வடக்கே போவாள். கடைசியில் ஒரு பஸ். அங்கே ழான்-லூக் என்பவருடைய குதிரைப் பண்ணை. அமெரிக்க மாட்டுக்காரர்களின் பாணியில் சவாரி பழக்கும் இடம். அதில் ஒரு விளையாட்டு பீப்பாய் ஓட்டம். மைதானத்தில் மூன்று பீப்பாய்களை முக்கோணமாக வைத்திருப்பார்கள். குதிரை வாசலால் பாய்ந்து வந்து, மூன்றையும் ஒட்டிச் சுற்றிவிட்டு, மறுபடி வாசலுக்கே பறக்க வேண்டும். வெறும் வேகம் உதவாது. பீப்பாய் கிட்ட வரும்போது யாரும் சொல்லாமலே வேகத்தை அடக்கி, பின்னங்காலில் பாரத்தைப் போட்டுத் திரும்பத் தெரிய வேண்டும். அதையும்விட மனசு. சில குதிரைகள் நாலைந்து போட்டிக்குப் பிறகு வாசலைக் கண்டாலே முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நிற்கும். எவ்வளவு வேகம் இருந்தும் பிரயோசனமில்லை.

இந்த மனசை வாங்குவதற்கு முன்பே கண்டுபிடித்துச் சொல்வதுதான் தயாளினியின் வேலை. விற்கிறவர்கள் தகப்பன் குதிரையின் கோப்பைகளைக் காட்டுவார்கள். அவள் அதைப் பார்க்கவே மாட்டாள். தகப்பனுக்கு நூறு பிள்ளைகள் இருக்கும்; நாலு வென்றிருந்தால் அந்த நாலின் படம்தான் சுவரில் தொங்கும். தாய்க்கு வருஷத்துக்கு ஒன்றுதான். தாயின் பிள்ளைகளை வரிசையாகப் பிடித்துக்கொண்டு போனால் எதையும் ஒளிக்க முடியாது. ஒவ்வொரு குதிரைக்கும் மூன்று பேரிடம் பேசுவாள். வளர்த்தவர், அந்தப் பக்கம் லாடம் அடிக்கிறவர், வளர்த்தவரோடு தகராறுபட்ட இன்னொரு பண்ணைக்காரர்.

இது அம்மாவின் வழி என்று முதல் வருஷம் அவளுக்கு உறைக்கவில்லை. உறைத்தபோது, குதிரைதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். மூன்று வருஷத்தில் அவள் பெயர் பரவிவிட்டது. முழுப் பெயர் நாவில் வராத ழான்-லூக் 'தயா' என்றுதான் கூப்பிடுவார். ஒவ்வொரு குதிரைக்கும் அவள் தன் முடிவை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பாள். "தயாவின் தாள் இருக்கிறதா?" என்று கேட்காமல் யாரும் காசை எடுக்க மாட்டார்கள். அதில் அவளுக்குப் பெருமையும் இருந்தது.

2015 ஏப்ரலில் மிரபெல் வந்தது. நாலு வயதுப் பழுப்பு நிறப் பெண் குதிரை. ழாக் என்ற வயதான பண்ணைக்காரருடையது. அவர் நிலத்தை விற்றுவிட்டார். சனிக்கிழமை புதியவர்களிடம் சாவி கொடுக்க வேண்டும். விற்காமல் மிஞ்சுகிற குதிரைகளை வெள்ளிக்கிழமை குதிரை இறைச்சி வியாபாரியின் லொறி வந்து ஏற்றும். இது எல்லாருக்கும் தெரியும். தயாளினிக்கும் தெரியும்.

ஆலீஸ் என்ற பதினைந்து வயதுப் பெண் மிரபெல்லில் இரண்டு தரம் ஏறிப் பார்த்து, வேறு குதிரை வேண்டாம் என்று நின்றாள். தயாவின் தாள் வந்தால் வாங்குவேன் என்றார் அவளுடைய தகப்பன்.

தயாளினி மூன்று பேரையும் போனில் அழைத்தாள். ழாக் புகழ்ந்தார். லாடக்காரர், கால் கொடுத்து நிற்கும், தொந்தரவில்லை என்றார். ழாக்கோடு இருபது வருஷமாக முகம் பாராத பண்ணைக்காரர் ஒருவர்தான் மூன்றாவது.

"அதன் தாயா?" என்று சிரித்தார். "வாசலில் நிமிர்ந்து விழுந்து ஒரு பெண்ணின் இடுப்பை முறித்தது. அதன் முதல் இரண்டு பிள்ளைகளும் வாசலில் அதே கூத்துத்தான்."

தாய், இரண்டு பிள்ளைகள். இதற்கு மேல் என்ன வேண்டும்? திங்கட்கிழமை பின்னேரம் தயாளினி தாளில் எழுதினாள்: 'வேகம் உண்டு. தாய்வழியில் வாசல் கோளாறு, மூன்று குதிரைகளில். சின்னப் பெண்ணுக்கு ஆபத்து. வேண்டாம்.'

புதன்கிழமை பின்னேரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று கடைக்கு வந்தாள். கோசலை போனில் இருந்தார். பக்கத்தில் தையல் மெஷினோடு அற்புதராணி.

"பொடியன் கஜனிலை ஒரு பிழையும் சொல்லேலாது" என்று கோசலை சொல்லிக்கொண்டிருந்தார். "வேலை இருக்கு, குடிவகை இல்லை. ஆனா தாயின்ரை தங்கச்சி ஒருத்தி அவையோடை இருக்கிறா. ஆரோடையும் பேச்சுப் பறைச்சல் இல்லை. நாள் முழுக்கச் சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறா. நான் ரத்தத்திலை இருக்கெண்டு சொல்லேல்லை. இருக்கிறதைச் சொல்லிப்போட்டன். பிறகு உங்கடை விருப்பம்."

போனை வைத்துவிட்டு, விரித்துக் கிடந்த காஞ்சிபுரத்தை மடிக்கத் தொடங்கினார்.

"அந்த அன்ரி ஏன் கதைக்கிறேல்லை எண்டு சொன்னீங்களோ?" என்று தயாளினி கேட்டாள்.

"என்னத்துக்கு?"

"முள்ளிவாய்க்காலிலை ரெண்டு பிள்ளையளையும் பறிகுடுத்தவ. உங்களுக்குத் தெரியும்தானே அம்மா."

"ஆருக்குத்தான் தெரியாது?"

"அப்ப?"

"அவை ஏன் எண்டு கேக்கேல்லை, பிள்ளை. இருக்கோ இல்லையோ எண்டுதான் கேட்டவை." கோசலை சேலையின் கரையை நீவிவிட்டார். "உனக்கு உது விளங்காது. நீ குதிரை பாக்கிறனி."

அற்புதராணி நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். "நல்லா விளங்கும் அக்கா. குதிரைக்கும் தாய்வழிதானாம் பாக்கிறது. நீங்கள் மனிசப் புறோக்கர், உங்கடை மகள் குதிரைப் புறோக்கர். போர்டைப் பெரிசாப் போடுங்கோ!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். தயாளினிக்கு அம்மாவின் மீது எழுந்த அருவருப்பு அரை நிமிஷம்கூட அங்கே நிற்கவில்லை. திரும்பி அவளிடமே வந்தது. ஏன் என்று அவளும் கேட்கவில்லை. மூன்று குதிரைகள் ஒரே மாதிரி என்றால் ரத்தம் மட்டும்தான் காரணமா? ஒரே தொழுவம், ஒரே தீனி, ஒரே கையாக இருக்கலாம். இதைப் பற்றி அவள் பரீட்சையில் நாலு பக்கம் எழுதிப் பாராட்டு வாங்கியவள். ரூ காய்க்காரியின் மகளாக வேலை செய்யும்போது அந்த நாலு பக்கமும் எங்கே போயின?

வெளியே போய், தலைக்கு மேலே மெத்ரோ ஓடும் பாலத்துக்குக் கீழே நின்று, அந்தக் கோபக்காரப் பண்ணைக்காரரை மறுபடி அழைத்தாள்.

"அந்தத் தாய்க் குதிரை ஏன் வாசலில் நிமிர்ந்து நின்றது?"

"அதை யார் பழக்கினார்கள் என்று நீ கேட்கவே இல்லையே" என்றார். ஒரு பழக்குநரின் பெயரைச் சொன்னார். "அவன் வாசலிலேயே சாட்டையோடு நிற்பான். பாய்ந்து போகட்டும் என்று பின்னங்காலில் வெளுப்பான். தாயையும் அந்த இரண்டு பிள்ளைகளையும் அவன்தான் பழக்கினான். என்னுடைய இரண்டு குதிரைகளையும் அவனிடம் விட்டுத்தான் கெடுத்தேன். அவற்றுக்கும் ழாக்கின் குதிரைகளுக்கும் எந்த உறவும் கிடையாது."

"மிரபெல்?"

"அதை அவன் தொட்டதேயில்லை. அவன் செத்து நாலு வருஷமாகிறது."

"இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே!"

"நீ கேட்டது குணத்தை. நான் சொன்னதும் குணத்தை. ழாக்குக்காக நான் ஏன் நீட்டி முழக்க வேண்டும்?"

வியாழக்கிழமை காலையில் ழான்-லூக்கின் முன்னால் நின்று நடந்ததைச் சொன்னாள். அவர் காப்பியைக் கலக்கிக்கொண்டே கேட்டார்.

"நான் அந்தத் தாளை ஆலீஸின் அப்பாவுக்கு மட்டும் அனுப்பவில்லை, தயா. வேறு நாலைந்து பண்ணைகளிலிருந்தும் கேட்டார்கள். கொடுத்தேன்."

"இன்னொரு தாள் எழுதித் தருகிறேன்."

"எழுது. ஆனால் திங்களன்று ஆபத்து, வியாழனன்று ஆபத்தில்லை என்றால் உன் மற்றத் தாள்களையும் யாராவது நம்புவார்களா?"

"இங்கே ஒரு கிழமைக்கு இடம் தாருங்கள்."

"எல்லா அறையிலும் வாடிக்கையாளர்களின் குதிரைகள் நிற்கின்றன. யாருடையதை வெளியே விடட்டும்?"

ஆலீஸின் தகப்பன் போனில் மரியாதையாகத்தான் பேசினார். மகளுக்கு ஆபத்து என்று எழுத்தில் படித்த பிறகு எந்தத் தகப்பனும் வாங்க மாட்டான் என்றார். பின்னால் ஆலீஸின் குரல் கேட்டது: "நான்தானே ஏறினேன்! அது ஒன்றுமே செய்யவில்லை!" அவர் போனை வைத்துவிட்டார். தயாளினி பின்னேரம் வரை பண்ணை பண்ணையாக அழைத்தாள். இரண்டு இடத்தில் அவள் எழுதிய வரியையே அவளுக்கு வாசித்துக் காட்டினார்கள். குதிரைக்காரர்களின் உலகம் ரூ காயைவிடச் சின்னது. சொன்ன சொல் அங்கேயும் திரும்பி வராது. இந்தப் பெயரைத்தானே மூன்று வருஷமாகப் பாடுபட்டுச் சேர்த்தாள் என்று நினைக்க, தன் கையையே தொடப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ழாக்கின் பண்ணைக்குப் போனாள். ஏதாவது செய்யலாம் என்றுதான் போனாள். என்ன செய்வது என்று தெரியாது. லொறி ஏற்கெனவே வந்து நின்றது. வியாபாரி குதிரைகளின் பாஸ்போர்ட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றிலும் அந்த மிருகத்தைச் சாப்பிடலாமா கூடாதா என்று ஒரு பக்கம் இருக்கும். மிரபெல்லினுடையதில் தடை எதுவும் போட்டிருக்கவில்லை.

"இன்னும் ஒரு கிழமை பொறுக்க மாட்டீர்களா?" என்று ழாக்கிடம் கேட்டாள்.

"எங்கே வைத்துப் பொறுப்பது, மதுமுவசேல்? நாளைக்கு இந்த வேலிகூட என்னுடையதில்லை." கிழவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நீங்கள் அழைத்தபோது நல்ல குதிரை என்று சொன்னேன். நான் விற்கிறவன், என் சொல்லுக்கு விலையில்லை. விளங்குகிறது." கயிற்றை அவளிடம் நீட்டினார். "என்னால் ஏற்ற முடியாது. நீங்கள் ஏற்றுங்கள்."

கயிற்றை வாங்காமல் விட்டிருக்கலாம். வியாபாரி ஏற்றியிருப்பான். ஆனால் அவன் கையில் ஒரு தடி இருந்தது. தயாளினி கயிற்றை வாங்கினாள்.

லொறியின் சரிவுப் பலகை ஈரமாக இருந்தது. உள்ளே இருட்டு, ஏற்கெனவே ஏறிய இரண்டு குதிரைகள் சுவரை உதைத்துக்கொண்டிருந்தன. எந்தக் குதிரையும் மிரண்டு நிமிர்ந்து நிற்கக்கூடிய வாசல். இந்தக் குதிரை நிமிர்ந்து எழும்பட்டும், என் கையை உடைக்கட்டும், நான் எழுதியது உண்மையாகிவிடட்டும் என்று அவள் மனசு கேவலமாகக் கேட்டது.

மிரபெல் ஒரு தரம் பலகையை முகர்ந்து பார்த்தது. பிறகு காதுகளை முன்னால் வைத்துக்கொண்டு, கயிறு தொய்ந்தே கிடக்க, அவள் பின்னாலேயே நடந்து உள்ளே ஏறியது.

வியாபாரி வாயைப் பிளந்துவிட்டான். "இவ்வளவு சாது! இதை ஏன் ஒருத்தரும் வாங்கவில்லை?"

"வேண்டாம் என்று நான்தான் எழுதினேன்" என்றாள் தயாளினி.

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். பிறகு தோளைக் குலுக்கிவிட்டு, அவள் இறங்கும்வரை காத்திருந்து, கதவை இழுத்துத் தாழ்ப்பாளைப் போட்டான்.