கல்வராயன் மலையில் ஒரு தலை குறைந்த காலை

நான்கு வருடங்களாக நான் ஆறுமணிக்குருவியைத் தேடிக்கொண்டிருந்தேன். காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் இரண்டு சுரத்தில் விசிலடித்துவிட்டு, மற்ற நேரமெல்லாம் சருகுக்குள் தத்திக்கொண்டிருக்கும் பல வண்ணப் பறவை. ஐப்பசியில் வடக்கேயிருந்து நம் பக்கம் வந்து சேரும். கள்ளக்குறிச்சியில் எங்கள் பறவை பார்க்கும் குழுவில் என்னையும் தணிகாசலம் சாரையும் தவிர எல்லோரும் அதைப் பார்த்தாகிவிட்டது. அந்த வயிற்றெரிச்சலில்தான் போன ஐப்பசியில், மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தேன்.

ஏழு பேர், ஒரு வேன். வாடகை 3,500 ரூபாய், ஆளுக்கு 500. ஓட்டுநர் செந்தில் வடக்கனந்தல்காரர், மலைப்பாதை அத்துப்படி. அதிகாலை 4.40க்குப் பேருந்து நிலையத்திலிருந்து கிளம்பினோம். கச்சிராயபாளையத்தில் டீ, 12 ரூபாய். கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறும் வழியில், ஓடையோரம் வண்டியை நிறுத்தியபோது மணி 5.45. வண்டி மீட்டர் கணக்கில் 24 கிலோமீட்டர். வனத்துறை அனுமதியை முந்தின வாரமே வாங்கியிருந்தேன். பாதையை விட்டு விலகக் கூடாது என்பது அவர்கள் நிபந்தனை.

தணிகாசலம் சார் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். வயது அறுபத்து மூன்று. வண்டி எடுக்கும் முன் எங்கள் தலைகளை எண்ணி, கதவை இரண்டு தட்டு தட்டி, "ரைட்" சொல்வது அவர் பழக்கம். அதனால் எண்ணும் வேலையை நாங்கள் யாரும் செய்ததே இல்லை. அவருக்குச் சர்க்கரை உண்டு. முந்தின நாள் அவர் மனைவி எனக்குப் போன் செய்து, ஊசி போட்ட அரை மணிக்குள் அவரைச் சாப்பிட வைத்துவிடச் சொன்னார். நீங்கள் கவலையே பட வேண்டாம் என்றேன்.

5.50க்கு வேனிலேயே ஊசி போட்டுக்கொண்டு இட்லிப் பொட்டலத்தைக் கையில் எடுத்தார் சார். எனக்கோ கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பரபரப்பு. ஆறு மணி தாண்டினால் குருவி வாயை மூடிக்கொள்ளுமே! பத்தே நிமிடம் சார், வந்து சாப்பிடலாம் என்றேன். அவர் பொட்டலத்தை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினார்.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பதிவு செய்த குரலைப் போனில் ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கக் கூடாது என்பது எங்கள் குழுவின் முதல் விதி. எழுதியதே நான்தான். மற்றவர்கள் ஓடைப்பக்கம் அரசவால் ஈப்பிடிப்பானைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் மட்டும் வளைவைத் தாண்டிப் போய், 6.10க்கு ஆறுமணிக்குருவியின் விசிலை மூன்று முறை ஒலிக்கவிட்டேன். எதுவும் வரவில்லை. நல்ல பிள்ளை போலத் திரும்பி வந்தேன்.

6.35க்கு வேனருகே கூடியபோது, எண்ண வேண்டியவரே இல்லை. இட்லிப் பொட்டலம் மட்டும் இருந்தது.

அங்கே செல்போனுக்குச் சிக்னல் கிடையாது. முதலில் மெதுவாகக் கூப்பிட்டோம், பிறகு கத்தினோம். எங்களில் பாரதி பல் மருத்துவர். ஊசி போட்டாரா, சாப்பிட்டாரா என்று இரண்டே கேள்வி கேட்டார். நான் பதில் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடந்தால் கூப்பிட்டாலும் குரல் வராது என்றார். ஓடையில் இறங்கிப் பார்த்தோம், பாறைச் சந்துகளில் பார்த்தோம். அவர் மனைவியிடம் என்ன சொல்வேன் என்பதைத் தவிர வேறு எதுவும் மனதில் ஓடவில்லை.

"இன்னா மேடம், எந்தப் பக்கம் போனாருன்னு ஒருத்தருக்குமா தெரில?" என்றார் செந்தில் என்னிடம். "மேல கரடி நடமாட்டம் ஜாஸ்திங்க. சும்மா சுத்திக்கினு இருந்தா ஆவாது."

எனக்குத் தெரிந்திருந்தது. அந்த விசில் அவர் காதில் விழுந்திருந்தால் அவர் எங்கே போயிருப்பார் என்று எனக்கு 6.35க்கே தோன்றிவிட்டது. மானத்துக்குப் பயந்து, ஓடைப்பக்கம் எல்லோருடனும் சேர்ந்து கத்திக்கொண்டிருந்தேன். இருபத்தைந்து நிமிடம். சரியாக ஏழு மணிக்குச் சொல்லிவிட்டேன். யாரும் திட்டவில்லை. பாரதி தன் பையிலிருந்த சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

வளைவில் மறுபடி கூப்பிட்டோம். சத்தமே இல்லை. எங்கள் குரலுக்கு அசையாதவர் குருவிக்கு அசையலாம் என்று, அதன் குரலைப் போடச் சொன்னார் செந்தில். போட்டேன். இரண்டாவது விசில் ஒலித்ததும், எதிரே பாறை மேல் ஏதோ அசைந்தது. பச்சை முதுகு, கண்ணில் கறுப்புப் பட்டை, வயிற்றடியில் சிவப்பு. நான்கு வருடமாகத் தேடிய அதேதான். சனியனே, நீ எதற்கு வந்தாய் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அப்போது இடப்பக்க மூங்கில் புதருக்குள்ளிருந்து ஈனக் குரலில் ஓர் அதட்டல்.

"உஷ்... சத்தம் போடாதீங்க. கிட்டதான் இருக்குது."

பாதையிலிருந்து முப்பதடிகூட இருக்காது. மூங்கில் தூரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, விரல்கள் வெடவெடத்தன. பாரதி சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக் கால் மணி நேரத்துக்குப் பிறகுதான் கோர்வையாகப் பேசினார்.

"நீங்க கூப்டதெல்லாம் கேட்டுக்கினுதாங்க இருந்துது. வாயத் தொறந்தா பறந்துடுமேன்னு வுட்டுட்டேன். அப்பறம் எழுந்துக்க முடில."

நடந்தே வேனுக்கு வந்தார். ஆறிப்போன இட்லியில் இரண்டைச் சாப்பிட்டதும் நோட்டை எடுத்து, "ஆறுமணிக்குருவி, குரல் மட்டும், 6.10" என்று எழுதினார். பாரதி என்னைப் பார்த்தார். சார், அது என் போன் என்றேன். சார் என்னையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அந்த வரியைக் குறுக்கே ஒரே கோடாக அடித்தார். மூன்றாவது இட்லியையும் சாப்பிட்டு முடித்தார். கிளம்பும் முன் தலைகளை எண்ணினார். அன்றைக்கு இரண்டு முறை எண்ணினார். பிறகுதான் "ரைட்".

நேராகக் கள்ளக்குறிச்சியில் மருத்துவரிடம் காட்டிவிட்டு, 11 மணிக்கு அவரை வீட்டில் சேர்த்தோம். அவர் மனைவியிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

போகிறவர்களுக்கு: ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட மறுநாள் நல்லது. ஓடைப் பாறை வழுக்கும். சிக்னலை நம்பாதீர்கள். மருந்து எடுப்பவர்கள் சாப்பிட்ட பிறகே இறங்கட்டும், எந்தக் குருவிக்காகவும் அவசரப்படுத்தாதீர்கள். ஆளுக்கொரு விசில் வைத்திருங்கள். எண்ணும் வேலையை இரண்டு பேரிடம் கொடுங்கள். குரல் பதிவு ஒருபோதும் வேண்டாம்.

மார்கழியில் அடுத்த பயணம் போகிறோம். சார் வருகிறாரா என்று கேட்கவே எனக்குத் தயக்கம். அவரே கூப்பிட்டார். வரேன், ஆனா வண்டி ஏறினதும் உங்க போன் என் பையில இருக்கணும் என்றார். சரி என்றேன். ஆறுமணிக்குருவியை நான் கண்ணால் பார்த்ததை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. என் நோட்டிலும் எழுதவில்லை.