பதினேழாம் கேள்விக்கு ஓர் எண்

சட்டத் துறையின் மூன்றாம் மாடியில் அவளுக்கு ரிமைண்டர் அக்கா என்று பெயர். இருபத்தாறு வருஷ உத்தியோகம். கேட்ட விவரம் வந்து சேராவிட்டால் முதல் நினைவூட்டல், இரண்டாம் நினைவூட்டல், அதற்கும் அசையாதவர்களுக்குச் சிவப்பு மையில் மூன்றாவது. அவள் தபாலைப் பார்த்தாலே மாவட்ட அலுவலகங்களில் எழுந்து நின்றுதான் பிரிப்பார்கள் என்று கேலி பேசுவார்கள். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

அந்த வருஷம் உலக நாடுகளெல்லாம் கூடி, பயங்கரவாதத்துக்கு யாரும் உதவாமல் தடுக்க விதிகள் வகுத்தன. விதிக்கு ஏற்பச் சட்டம் போடாத நாடு கறுப்புப் பட்டியலில் ஏறும். ஏறினால் எந்த நாட்டு வங்கியும் கைகொடுக்காது. மேலே இருப்பவர்கள் அவசரப்பட்டார்கள். வேறெங்கோ போட்ட சட்டத்தை எடுத்து, நாட்டின் பெயரை மட்டும் மாற்றி, ஒரே மத்தியானத்தில் நிறைவேற்றிவிட்டார்கள். கை தூக்கியவர்களில் எத்தனை பேர் அதைப் படித்தார்கள் என்று கேட்டால் வம்பு.

அப்புறம் மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்று செய்தி வந்தது. முன்கூட்டியே நாற்பது கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். பதினேழாவது கேள்வி: இந்தச் சட்டத்தின் கீழ் இதுவரை எத்தனை வழக்குகள்?

"சட்டம் மட்டும் இருந்தா போதாதாம்மா. அது வேலை செய்யுதுன்னு காட்டணுமாம்" என்றார் துணைச் செயலர். "எல்லா மாவட்டத்துக்கும் ஒரு லெட்டர் போட்டுடுங்க."

போட்டாள். கடைசி வரியை வழக்கம்போலவே அடித்தாள்: 'இல்லை என்ற பதில் ஏற்கப்பட மாட்டாது.' எத்தனை நாற்காலி உடைந்திருக்கிறது என்று கேட்கும்போதும் அதே வரிதான். சோம்பேறிகள் 'இல்லை' என்று எழுதிக் கழன்றுகொள்கிறார்கள் என்று அவளே ஒருநாள் எரிச்சலில் சேர்த்தது. பிறகு கை தானாகவே அடித்துவிடும்.

மூன்றே வாரத்தில் பதினான்கு மாவட்டங்களும் பதில் அனுப்பிவிட்டன. எல்லாவற்றிலும் எண். கூட்டினால் முப்பத்தொன்று. இந்தத் தடவை ஒரு நினைவூட்டல்கூட வேண்டியிருக்கவில்லையே என்று துணைச் செயலர் அவள் மேஜைக்கே வந்து பாராட்டிவிட்டுப் போனார்.

அந்த முப்பத்தொன்றில் ஒருவன் அவள் தம்பி.

தம்பி செயற்கைக் கால் செய்கிறவன். துண்டான காலுக்கு மாவுக்கட்டு போட்டு அளவெடுப்பான். செய்ததை மாட்டி, இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஆளை நடக்கவிட்டு, வலிக்கிற இடத்தைத் தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்வான். கால் எப்படிப் போனது என்று கேட்க மாட்டான். லாரியோ சர்க்கரை வியாதியோ குண்டோ, அவனுக்கு எல்லாம் ஒன்றுதான். போன மாதம் அவனிடம் கால் மாட்டிக்கொண்டு போன ஒருவன் தேடப்படுகிறவனாம். அவனை நடக்கவைத்தது உதவியாம். அந்த மாவட்டத்தில் போலீசுக்கு வேறு ஆள் அகப்படவில்லை.

தம்பி மனைவி அலுவலகத்துக்கே ஓடி வந்தாள்.

"இன்ஸ்பெக்டர் என்ன சொல்றார் தெரியுமா அண்ணி? 'இல்லைன்னு எழுதக் கூடாதுன்னு மேல இருந்து லெட்டர் வந்திருக்கு, நாங்க என்னம்மா பண்றது'ங்கறார். அதை எவன் எழுதினானோ, அவன் குடும்பம் விளங்குமா? நீங்க இங்கதானே இருக்கீங்க, யாருன்னு விசாரிச்சுச் சொல்லுங்களேன்."

"பாக்கறேன்" என்றாள் ரிமைண்டர் அக்கா. வெட்கத்தில் உடம்பு கூசியது.

குழு வந்தது, நான்கு நாள் இருந்தது, குறுகிய காலத்தில் நல்ல முன்னேற்றம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறியது. அதன் பிறகுதான் அவள் வாய் திறந்தாள்.

"சார், அந்த முப்பத்தொண்ணுல ஒருத்தன் என் தம்பி. இனிமேலாவது விட்டுடலாமே சார்."

துணைச் செயலர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா? மூணு வருஷம் கழிச்சு மறுபடி வருவாங்க. வழக்கை வாபஸ் வாங்கினா, ஏன் குறைஞ்சதுன்னு கேள்வி வரும். பட்டியல்ல தூக்கிப் போட்டுட்டா நாடே தலைல துண்டைப் போட்டுக்கணும். அதுவரைக்கும் பொறுத்துக்கச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை சிறைக்குப் போனாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் தம்பி மெலிந்திருந்தான். பட்டறையில் பாதியில் நிற்கும் கால்களைப் பற்றித்தான் முதலில் பேசினான். எந்தக் கால் யாருக்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். அவளுக்குத் தாங்கவில்லை.

"அந்த வரியை எழுதினது நான்தான்டா."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"வேணும்னேயா எழுதினே?"

"சத்தியமா இல்லடா. இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாது."

"எனக்கும்தான் தெரியாது" என்றான் அவன். "உன்னை யாரும் பிடிக்கலையேக்கா."