ஆட்டை யாரும் தடுக்கமாட்டார்கள் என்றேன்

நான் பொய் சொன்னேன். ஊர் கூடியிருந்த இடத்தில், என்னை நம்பிக் கேட்ட ஒருத்தியின் முகத்தைப் பார்த்து, பொய் என்று நன்றாகத் தெரிந்தே சொன்னேன்.

ஊசிக்கரட்டைக் காப்பாற்றியவர்களில் ஒருவன் என்று பத்திரிகையில் என் படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். தோளில் பொன்னாடையோடு சிரித்துக்கொண்டு நிற்பேன். நல்ல மனிதன் என்றுகூட நினைத்திருப்பீர்கள். அந்த நினைப்பைக் கலைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

திண்டுக்கல்லில் சிறிய ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, புதுநன்மை என்று படம் பிடிப்பதுதான் பிழைப்பு. முகூர்த்தம் இல்லாத நாட்களில் கேமராவைத் தூக்கிக்கொண்டு தாடிக்கொம்பு தாண்டி ஊசிக்கரட்டுக்குப் போய்விடுவேன். உசிலையும் கிளுவையும் கள்ளியும் மண்டிய சின்னக் குன்று, அரசுப் புறம்போக்கு. பேருந்திலிருந்து பார்த்தால் வெறும் பாறை. ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில், உசிலைக் கிளையைக் கட்டிக்கொண்டு ஒரு தேவாங்கு தன் உருண்டைக் கண்களால் என்னைப் பார்த்தது. நான் கேமராவை எடுக்கவே இல்லை. பிறகு எனக்கு அது வெறும் பாறையாக இருக்கவில்லை...

அந்தக் கரட்டின் ஒரு மூலையில்தான் கல்குவாரி வந்தது. வெடி வைத்தார்கள். இலைகளின் மேல் மாவு போலப் புழுதி படிந்தது. அடிவாரம் முழுவதையும் குவாரிக்குக் கேட்கிறார்கள் என்று தெரிந்தபோது, நாங்கள் நாலைந்து பேர் ஒன்று சேர்ந்தோம். அரசாங்கம் இந்தக் கரட்டைச் சரணாலயமாக அறிவிக்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. அலைந்தோம், காத்திருந்தோம், மறுபடி அலைந்தோம். அடிவாரத்து ஊர் கிராம சபையில் தீர்மானம் போட்டால் கோரிக்கைக்கு வலு கூடும் என்றார்கள்.

அந்த ஊர்க்காரிதான் பாப்பாத்தி. கரட்டில் வெள்ளாடு மேய்ப்பவள். என் வயதுதான் இருக்கும். ஆனாலும் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவாள். வெடி அதிர்ச்சியில் அவள் வீட்டுச் சுவர் பிளந்து கிடந்தது. சின்ன மகளுக்குப் புழுதியால் ஓயாத மூச்சிரைப்பு. ஊரில் அவளுக்குச் சண்டைக்காரி என்று பெயர். அவள் வாயிலிருந்து வருவது நியாயமாக இருக்கும் என்ற பெயரும் உண்டு. அவள் எழுந்து பேசினால் ஊர் கேட்கும்.

கிராம சபைக்கு முன்பு ஒரு வன அதிகாரியைப் பார்க்கப் போயிருந்தேன். நல்ல மனிதர். அவர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார்: "சரணாலயம்னு ஆயிட்டா மேய்ச்சல் இருக்காது சார். வேலி போட்டுருவாங்க. ஊர்ல முன்கூட்டியே சொல்லிருங்க, பின்னாடி மனஸ்தாபம் வேணாம்."

"சொல்லிர்றேன் சார்" என்றேன்.

சொல்லவில்லை! சொன்னால் தீர்மானம் விழுந்துவிடும் என்ற பயம். நாளைக்குச் சொல்லலாம், பக்குவமாகச் சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த 'நாளை' வரவே இல்லை.

கிராம சபை கூடியது. குவாரிக்காகப் பேச வந்திருந்த ஒருவர் எழுந்து, "இன்னைக்குக் கைதட்டுவீங்க. நாளைக்கு ஒங்க ஆட்டுல ஒண்ணக்கூட உள்ள விடமாட்டாங்க, பாத்துக்கங்க" என்றார். கூட்டத்தில் சலசலப்பு. அன்று அங்கே உண்மை பேசிய ஒரே ஆள் அவர்தான் என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன்.

பாப்பாத்தி என் பக்கம் திரும்பினாள். "என்னண்ணே... அப்படியா? ஆட்டத் தடுப்பாங்களா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் நாக்கு தடுமாறியிருக்கக் கூடாதா? ஒரு நொடி தயங்கியிருந்தால்கூட அவள் புரிந்துகொண்டிருப்பாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. எப்பவும் போல மேய்ச்சுக்கலாம். ஆட்ட யாரும் தடுக்கமாட்டாங்க."

எவ்வளவு சரளமாக வந்தது!

அவள் எழுந்தாள். "அண்ணனே சொல்லிட்டாரு. இந்தக் கரடு போச்சுன்னா நமக்கு என்ன இருக்கு? எம் மக மூச்சு விட முடியாம கெடக்காளே, அதுக்கு இந்தக் குவாரிக்காரவுக பதில் சொல்லட்டும்!" என்றாள். கைகள் உயர்ந்தன. தீர்மானம் நிறைவேறியது.

அறிவிப்பு வந்த அன்று ஸ்டூடியோவில் லட்டு கொடுத்தோம். குவாரி மூடியது. சில மாதம் கழித்து வேலி வந்தது. வேலியோடு வனக் காவலரும் வந்தார்.

ஒரு காலையில் பாப்பாத்தியின் போன். "அண்ணே, செத்த வந்துட்டுப் போங்க. புதுசா வந்த காவக்காரரு வெவரம் தெரியாம ஆட்ட மறிக்காரு. நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

போனேன். அங்கே நான் செய்ததுதான் முதல் பொய்யைவிடக் கேவலம். காவலரிடம் கோபப்பட்டேன்! "இது என்ன சார் அநியாயம்?" என்று கூச்சல் போட்டேன். அவர் சட்டத்தைச் சொன்னார். முதன்முதலாகக் கேட்பவனைப் போல அதிர்ந்து நின்றேன். கல்யாண வீடுகளில் மற்றவர்களை நடிக்கச் சொல்லிப் படம் எடுத்த பழக்கம்... அன்று எனக்கே கைகொடுத்தது.

ஊர்க்காரர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "நீங்கதான சொன்னீங்க?" என்று ஒருவர் சட்டையைப் பிடிக்க வந்தார். அவருக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றவள் பாப்பாத்தி.

"அவரு என்னய்யா செய்வாரு? அவரையும்ல ஏமாத்திப்புட்டாங்க. மொகத்தப் பாரு, எம்புட்டு நொந்து போயி நிக்காரு!"

நான் தலைகுனிந்து நின்றேன். அந்த வாக்கியத்தை மறுக்க எனக்கு எத்தனை நேரம் இருந்தது! ஒரே ஒரு 'இல்லை' போதும். சொல்லவில்லை.

அவள் ஆடுகள் அய்யலூர் சந்தைக்குப் போயின. அவள் இப்போது வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லுக்குப் போகிறாள். விடியும் முன்பே மில் வேன் வந்துவிடுகிறது. குவாரிப் புழுதியை வெறுத்தவள் பஞ்சுத் தூசியில் நிற்கிறாள்.

கரடு பச்சை பிடித்துவிட்டது. அடிபட்ட மரங்கள் துளிர்த்திருக்கின்றன. தேவாங்குகள் பயமின்றி இறங்கி வருகின்றன. அதைப் பார்க்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, அதையும் மறைக்கமாட்டேன். உண்மையைச் சொல்லியிருந்தால் கரடு பிழைத்திருக்குமா? மேய்ச்சலுக்கும் ஒரு வழி கேட்டு அவளும் நானும் சேர்ந்தே போராடியிருக்கலாமோ? தெரியவில்லை... அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பை அவளிடமிருந்து பறித்தவனே நான்தான்.

போன மாதம், இனி தாங்காது என்று அவள் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். காபி கொடுத்தாள். சின்னவள் முற்றத்தில் மூச்சு வாங்காமல் ஓடிக்கொண்டிருந்தாள்.

"பாப்பாத்தி, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்..." என்று தொடங்கினேன்.

"இருங்கண்ணே, நான் சொல்லிர்றேன், அப்பறம் மறந்துருவேன்" என்று குறுக்கிட்டாள். அவள் அக்கா வாக்கப்பட்ட ஊருக்குப் பக்கத்திலும் ஒரு கரடு. அங்கேயும் குவாரி வரப் பார்க்கிறதாம். நாங்கள் அந்தக் கரட்டுக்கும் மனு போட்டிருப்பது அக்கா காதுக்குப் போயிருக்கிறது. அக்காவுக்கும் ஆடுதான் பிழைப்பு.

"ஸ்டூடியோக்காரர நம்பலாமாடின்னு அக்கா கேட்டா. இந்தத் தடவ அண்ணன் எல்லாத்தையும் முன்னாடியே வெசாரிச்சு வச்சிருப்பாரு, கண்ண மூடிக்கிட்டு நம்புன்னு சொல்லிட்டேன். எப்பண்ணே அங்க போறீங்க?"

காபி ஆறிக்கொண்டிருந்தது. அதை ஒரே மடக்கில் குடித்து டம்ளரைக் கீழே வைத்தேன்.

"ஞாயித்துக்கெழம போறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.