பாடுகிறவருக்கு நோவில்லையாம்

எழுபதுகளின் இறுதியில், திருகோணமலைத் துறைமுகத்துச் சரக்குக் குதமொன்றில் நான் எழுதுவினைஞனாக இருந்த காலம். காற்றடித்துச் சாத்திய இரும்புக் கதவு என் வலக்கை விரல்களை நசுக்கியது. ஆஸ்பத்திரியில் எலும்புகளைக் கம்பி வைத்துப் பொருத்தினார்கள். அதன்பின் வரும் நோவை ஆற்றவென்று, மயக்க மருந்து வைத்தியர் என் கக்கத்தில், கைக்கு ஓடும் நரம்புகளின் அருகே, மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி ஒட்டி வைத்தார். அதற்குள் மருந்து விட்டால் கை மரத்துவிடும்.

"மரப்பு விட்டு நோ துவங்கின உடன மிஸ்ஸியிட்டச் சொல்லுங்கோ. நான் வந்து திரும்ப மருந்து விடுவன். முத்தவிட்டா லேசில அடக்க ஏலாது," என்றார். அவரைத் தவிர எவரும் அக்குழாயைத் தொடலாகாது. அவரை அழைப்பிப்பது தாதியின் பொறுப்பு.

மறுநாள் பிற்பகல் மரப்பு விட்டது. அந்தக் கதவு மீண்டும் மீண்டும் அதே விரல்களின்மேல் அறைந்துகொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் 'ஐயோ' என்ற சொல்லுக்கு இடமில்லை. அது யமன் மனைவியின் பெயர், அழைத்தால் வந்துவிடுவாள் என்று சிறுவயதிலேயே அதட்டி நிறுத்திய சொல். நோவுக்கு இறைவன் திருநாமம். தாங்கவொண்ணாத நோவுக்குப் பதிகம். அன்றும் என் வாய் தானாகவே பதிகத்தைப் பற்றிக்கொண்டது.

தாதி வந்தார். "மிஸ்ஸி, நோ துவங்கியிட்டுது. டொக்டருக்குச் சொல்லியனுப்புங்கோ."

"பண்ணோட பாடுறீங்கள், அதுக்குள்ள நோவோ?" என்று சிரித்தார். "அங்கால கட்டில்ல கத்திற சத்தம் கேக்கேல்லையே? நோவெண்டா அதுதான் ஐயா. டொக்டர் ஒப்பரேஷன் தியேட்டருக்குள்ள. சும்மா கூப்பிட்டா எனக்குத்தான் ஏச்சு."

போய்விட்டார். நோவு ஏற ஏறச் சுருதியும் ஏறியது. பக்கத்துக் கட்டிலில் குடலிறக்கத்துக்கு வெட்டுண்டு கிடந்தவர், சிலுவைச் சங்கிலி அணிந்த கடற்றொழிலாளி, தலையாட்டி ரசித்தார்.

"நல்ல குரல் ஐயா. அந்த இழுப்பை இன்னொருக்கா எடுங்கோ."

"தம்பி, அது இழுப்பில்லை. நோ."

"பின்னை ஏன் பாடுறியள்? ஐயோ எண்டு கத்துங்கோவன்!"

"எனக்கு அது வராது."

முயன்றேன். வாய் திறந்தபோது பதிகத்தின் அடுத்த அடிதான் வெளிப்பட்டது. கண்ணீர் வடிந்தது. அதையும் பக்திப் பரவசமென்றே வாட்டில் இருந்த மற்ற நோயாளிகள் கொண்டனர். ஒருவர் கைகூடக் கூப்பினார். எனக்கு வந்த எரிச்சலை எழுத்தில் சொல்ல இயலாது.

கடற்றொழிலாளி என் முகத்தைச் சற்றே உற்றுப் பார்த்தார். பிறகு, வயிற்றுத் தையலை இரு கைகளாலும் அமுக்கிக்கொண்டு, "ஐயோ! ஐயையோ!" என்று வாடே அதிரக் கத்தினார்.

தாதி ஓடிவந்தார். "என்ன, தையல் விட்டிட்டுதோ?"

"எனக்கு ஒண்டுமில்லை மிஸ்ஸி. இது அவரின்ர ஐயோ. அவருக்குச் சொல்ல வராதாம்."

தாதி ஆளனுப்ப, வைத்தியர் வந்தார். மருந்தை விட்டவாறே என்னைத்தான் ஏசினார்: "பாட்டுப் பாடவோ குழாய் வைச்சனான்? ஏன் நேரத்தோட சொல்லேல்லை?" சொன்னேனென்று சொல்லுமுன் தாதியும் அவரோடு சேர்ந்து தலையசைத்தார். முற்றிய நோவு ஒருமுறை விட்ட மருந்துக்கு அடங்கவில்லை. பொறுத்திருந்து மறுபடியும் விடவேண்டியதாயிற்று. தெளிவாக, மரியாதையாகச் சொன்ன ஒரு சொல்லுக்கு, பிறர் இட்ட கூச்சலின் பெறுமதிகூட இல்லாமற் போயிற்றே என்று மனம் குமைந்தது.

ஒருவாறு கை மரத்தது.

"இப்ப நோ இல்லைத்தானே ஐயா? இனி ஆறுதலாப் பாடுங்கோ," என்றார் கடற்றொழிலாளி.

மறுத்துவிட்டேன். நோவில்லாதபோது பாடினால் தாதி சொன்னதே மெய்யாகிவிடும்; அவர் இன்னும் வாட்டுக்குள்தான் நின்றார்.