மாப்பிள்ளை அழைப்புக்கு நிதானிக்காத எஞ்சின்

என் அண்ணன் கூட்டிச் சேர்த்த எஞ்சினைப் பற்றி நான் பேசத் தொடங்கினால் அது கண்டன உரையாகத்தான் முடியும். அதற்காக என்னை யாரும் மன்னிக்க வேண்டியதில்லை, கேட்டால் போதும்.

நான் கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் கோப்பைகள் வாங்கிக்கொண்டிருந்த எழுபதுகளின் தொடக்கம் அது. மலைத்தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரின் பழைய திறந்த காரை அண்ணன் வாங்கிவந்தார். வாங்கியதை அப்படியே ஓட்டியிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. சென்னைப் பக்கம் கார்ப் பந்தயம் பார்த்துவிட்டு வந்தவர், எஞ்சினை முழுதாகப் பிரித்துப்போட்டார். சிலிண்டர்களைக் கடைந்து அகலமாக்கினார். பெரிய பிஸ்டன்கள், வால்வுகளைத் திறந்து மூட, பந்தயத்துக்கென்றே செய்த கேம் ஷாஃப்ட், ஒன்றுக்கு இரண்டாகக் கார்புரேட்டர்கள். கூட நின்று உழைத்தவர் அவருடைய பள்ளித்தோழர். பட்டுத் தறிகளுக்கு ஜக்கார்டு அட்டை அடித்துக்கொடுக்கும் குடும்பத்தில் பிறந்தும், எந்நேரமும் கிரீஸ் கையோடு திரிந்தவர்.

வாலாஜாபாத் சாலையில் அந்தக் கார் பறந்தது. மறுக்கவில்லை. ஆனால் குறுக்கே ஒரு மாட்டுவண்டி வந்து, அண்ணன் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் தீர்ந்தது. எஞ்சின் இரண்டு முறை குலுங்கும், செத்துப்போகும். பிறகு நான் இறங்கித் தள்ள வேண்டும். வெற்றிகொண்ட மேடைகளிலிருந்து வீடு திரும்பும் வழியில், சலவை மடிப்புக் கலையாத சட்டையோடு, எத்தனையோ முறை தள்ளியிருக்கிறேன்.

இந்த நிலையில்தான் அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கல்யாணத்துக்கு முந்தைய நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பு. கோயில் வாசலிலிருந்து சத்திரம் வரை மேளத்துக்குப் பின்னால் கார் ஊர்ந்துவர வேண்டும். "என் வண்டியிலதான் வருவேன்" என்று அண்ணன் பெண் வீட்டாரிடமே சொல்லிவிட்டு வந்திருந்தார். ஓடுவதற்கென்றே பிறந்த எஞ்சினை ஊர்வதற்கு அனுப்பும் யோசனை உலகில் வேறு எவருக்கும் தோன்றியிராது.

அப்பா தீர்ப்பைச் சுருக்கமாகச் சொன்னார். "நடுத்தெருவுல வண்டி நின்னுச்சுன்னா, பொண்ணு வூட்டுக்காரங்க இன்னா நினைப்பாங்க? சகுனம் பாக்கிற ஜனங்கடா அவங்க. அழைப்பன்னிக்குக் காலையில வூட்டு வாசல்ல அது நிக்காம உறுமிக்கினு இருக்கணும். இல்ல, வாடகைக் காரு சொல்லிடுவேன்."

"நிக்காது நைனா. பாத்துக்கினே இரு" என்றார் அண்ணன்.

அடுத்து வந்த நாட்களை நினைத்தால் இன்றும் தலை வலிக்கிறது. தெருவில் போகிறவர்களெல்லாம் நீதிபதிகள் ஆனார்கள். பெட்ரோலில் தண்ணீர் என்றார் ஒருவர். தொட்டியைக் காலி செய்தார்கள். பிளக் சரியில்லை என்றார் இன்னொருவர், புதிது மாட்டினார்கள். தீப்பொறி விழும் நேரத்தை முன்னே தள்ளினார்கள், பின்னே இழுத்தார்கள். இரண்டு கார்புரேட்டர்களையும் பிரித்து, சின்னத் துளைகளை வாயால் ஊதினார்கள். காலையில் எஞ்சின் சாதுவாக ஓடும். சூடேறியதும் பழைய கதை.

பொறுமை இழந்து நான் அவர்கள் இருவரையும் நிற்கவைத்துப் பேசினேன்.

"உங்க குற்றச்சாட்டு எதுவும் நிக்காதுண்ணா. பெட்ரோலும் பிளக்கும் கெட்டிருந்தா, வேகமா போறப்பவும் திணறணுமே? திணறலையே. மெதுவா ஓடறப்ப மட்டும், அதுவும் சூடானப்புறம் மட்டும் சாவுதுன்னா, அந்த ரெண்டுக்கும் பொருந்தற காரணத்தைச் சொல்லு."

"வந்துட்டாருபா மேடைப் பேச்சாளரு! சோடா எடுத்தாங்கடா ஐயாவுக்கு" என்றார் நண்பர்.

"சோடா அப்புறம். காலை எடுத்தா எஞ்சினுக்குள்ள காத்துப் போற கதவு மூடிக்கும், உறிஞ்சற வேகம் அப்பத்தான் ஜாஸ்தின்னு நீதானேண்ணா சொன்னே? அப்ப வேற எங்கேயோ திருட்டுக் காத்து பூருது. வேகத்துல அது கணக்குல வராது. நிதானத்துல ஆளையே கொல்லும்."

அண்ணன் எஞ்சின் மேல் குனிந்தார். கார்புரேட்டர்களைத் தாங்கும் குழாய், எஞ்சினோடு சேரும் இணைப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அதைத் திறக்க அவருக்கு மனமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. திருட்டுக் காற்று புகும் ஓட்டை எண்ணெயையும் உறிஞ்சும் என்று நான் எண்ணெய்க் குப்பியை நீட்டினேன். சூடான எஞ்சின் திணறிக்கொண்டிருக்கும்போதே அந்த இணைப்பின் விளிம்பில் சொட்டுச் சொட்டாக விட்டார். ஓரிடத்தில் எண்ணெய் சட்டென்று உள்ளே மறைந்தது. எஞ்சின் ஒரு கணம் நிதானமானது. பின்னால் நீலப் புகை.

இணைப்பைத் திறந்தபோதுதான் அந்த அறிவுச்செல்வர்கள் செய்த காரியம் வெளியே வந்தது. இரண்டு இரும்பு முகங்களுக்கு நடுவே காற்றுப் புகாமல் வைக்கும் கேஸ்கெட்டை, கழித்துப்போட்ட ஜக்கார்டு அட்டையிலிருந்து வெட்டியிருந்தார்கள்! சேலையின் முந்தானையில் எந்த இழை மேலே எழ வேண்டும் என்று தறிக்குச் சொல்வதற்காக வரிசையாகத் துளை போட்ட அட்டை. துளைகளை அரக்கு பூசி அடைத்திருந்தார்கள். சூட்டில் அரக்கு இளகி, துளைகளுக்கு இடையிலிருந்த மெல்லிய அட்டையும் கிழிந்து, உள்ளிருந்து வெளியே ஒரு வாய்க்காலே உருவாகியிருந்தது.

"ஊரே நம்புற அட்டைபா அது. சரியான கனம்" என்றார் நண்பர், சற்றும் கூசாமல்.

"அன்னப்பட்சி நெய்யவாண்ணா எஞ்சினு கட்டினீங்க?"

"ஓட்டை போடாத அட்டை வூட்ல கட்டுக் கட்டா கிடக்குது. வெட்டிட்டா போச்சு" என்றார் நண்பர்.

மறுபடியும் அட்டையா என்று நான் கத்தியது தெருக்கோடி வரை கேட்டிருக்கும். பயனில்லை. துளையில்லாத அட்டையை வெட்டி, அரக்கு தடவி, இறுக்கிவிட்டார்கள். அழைப்பு நாள் காலையில் எஞ்சின் வாசலில் நிற்காமல் உறுமியது. அப்பா பல் துலக்கி, குளித்து, காபி குடித்து முடித்தும் உறுமிக்கொண்டிருந்தது. வாடகைக் கார் பேச்சு அதோடு நின்றது.

ஆனால் பந்தய கேம் ஷாஃப்ட்டுக்குத் தணிந்து ஓடும் வழக்கம் கிடையாது. தப்பித் தவறியும் அணையக்கூடாது என்று அண்ணன் ஓட்டத்தை இன்னும் கூட்டியும் வைத்துவிட்டார். மாலையில் கோயில் வாசலில் அவர் மாலையும் கழுத்துமாகப் பின்னிருக்கையில் அமர, முன்னால் நான் ஏறிக்கொள்ள, நண்பர் முதல் கியரைப் போட்டார். ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே கார் மேளக்காரர்களின் குதிகாலை நெருங்கியது. நாதஸ்வரம் நடையைக் கூட்டியது. தவில் ஓடத் தொடங்கியது. பெட்ரோமாக்ஸ் சுமந்தவர்கள் வண்டிக்குப் பயந்து எங்கோ முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, மெதுவா வுடச் சொல்லுபா! மூச்சு வாங்குது!" என்று தவில்காரர் என்னைப் பார்த்து அலறினார்.

"பிரேக் புடிச்சா அணைஞ்சிடும். வழி வுடுங்கபா!" என்றார் நண்பர்.

ஆரத்தித் தட்டுக்குக் கற்பூரம் ஏற்றும் முன்பே நாங்கள் சத்திர வாசலில் இருந்தோம். பெண்ணின் தகப்பனார் வேட்டியைச் சரிசெய்தபடி ஓடிவந்தார்.

"இன்னாங்க மாப்ளே, தாலி கட்ட இவ்ளோ அவசரமா?"

"வண்டி எங்கேயும் நிக்கலையே மாமா?" என்றார் அண்ணன், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. எஞ்சினை அணைக்க மட்டும் அவர் யாரையும் விடவில்லை.