படத்தின் நெற்றி

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். என் கையெழுத்து கோழி கிண்டியது மாதிரி இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் மனைவி சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் வேலை பார்த்தவள். காய்ச்சலில் போய்விட்டாள். சிவகாசியில் நான் வேலை பார்க்கும் அச்சகத்துக்குக் காலண்டர் படம் வரைந்து தருகிற ஒருவர், அவளுடைய போட்டோவைப் பார்த்துத் துணியில் எண்ணெய் வர்ணத்தில் வரைந்து கொடுத்தார். கண்ணாடி போட வேண்டாம் என்றார். அப்படியே வீட்டில் மாட்டினேன்.

அவள் நல்ல கறுப்பு. அச்சகத்தில் கறுத்த முகம் என்றால் கறுப்பு மையைக் கூட்டுவோம். இவர் கறுப்பைத் தொடவே இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் கன்னத்தில் செங்கல் நிறம், தாடைக்குக் கீழே ஊதா, மூக்கோரம் ஒரு இழுப்புப் பச்சை. கொஞ்சம் தள்ளி நின்றால் எல்லாம் சேர்ந்து அவள் தோலாகிவிடும். நெற்றிதான் எனக்கு மிகவும் பிடித்தது. வேர்வை மினுக்கத்துக்கு வெளிர்நீலத்தை ஒரே தீற்றாக வைத்திருந்தார். தூரிகை மயிர் போன தடம்கூடத் தெரியும்.

வேலை விட்டு வந்ததும் அதன் முன்னால் போய் நிற்பேன். "அப்பாவுக்கு இன்னும் அம்மா நெனப்பு போகல" என்று மகள் பக்கத்து வீட்டில் சொன்னாள். நான் பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

முதல் வருடத் திதிக்கு என் அக்கா வந்திருந்தாள். மகள் சந்தனத்தைக் குழைத்து எடுத்துவந்து, படத்தின் நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனாள். நான் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துவிட்டேன்.

"வேண்டாம் தாயி. ஈரம் பட்டா வர்ணம் கெட்டுப்போகும்."

"ஏலே, பொட்டு வைக்கப்போற புள்ள கையவா பிடிக்கிற?" என்றாள் அக்கா.

"படத்துலயே பொட்டு இருக்குல்லக்கா."

"அது பெயிண்டுலே. சுமங்கலியாப் போனவ அவ. பெயிண்டக் கும்பிடவா நான் அம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்தேன்?"

மகள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு மரச்சட்டத்தில் ஒரு பொட்டு வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவள் போனதும், நெற்றியில் சந்தனம் தெறித்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். தெறிக்கவில்லை. நிம்மதியாக இருந்தது. உள்ளே அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அது கேட்டும் அந்த நிம்மதி குறையவில்லை.

மகளிடம் இன்னும் இதைப் பேசவில்லை. நேரில் எனக்கு வாய் வராது. அவள் படிக்கட்டும் என்றுதான் எழுதினேன்.

2007, தீபாவளிக்கு மறுநாள்.